தென் தீவு மலைகளில் கேம்பர்வேன்: முதல்முறை போகிறவர்களுக்கு

நியூசிலாந்தின் தென் தீவைக் கேம்பர்வேனில் சுற்றலாம் என்று முடிவெடுக்கும் நண்பர்கள் முதலில் அனுப்புவது ஒரு எக்ஸெல் தாளாகத்தான் இருக்கும். ஏழு நாள், ஏழு ஊர், தினமும் 300 கிலோமீட்டர். நான் செய்யும் முதல் வேலை, அதில் பாதி ஊர்களை அடித்துவிடுவது. கேம்பர்வேனைக் காரும் ஹோட்டல் அறையும் சேர்ந்த ஒன்றாக நினைத்துத் திட்டம் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அது குடித்தனம். தண்ணீர் பிடிக்க வேண்டும், கழிவை ஊற்ற வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், ராத்திரி மேசையை மடித்துப் படுக்கை போட வேண்டும், காலையில் அதைத் திரும்ப மடிக்க வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம் இதிலேயே போய்விடும். அது போக மிச்சமிருக்கும் பகல்தான் மலைக்கும் ஏரிக்கும்.

அதனால் இங்கே சொல்லப்போகும் திட்டம் கொஞ்சம் மெதுவானது. கிறைஸ்ட்சர்ச்சில் வண்டி எடுத்து டெகாப்போ, மவுண்ட் குக், வனாகா, டே அனாவ், மில்ஃபோர்ட் சவுண்ட், குயின்ஸ்டவுன் பார்த்துவிட்டுத் திரும்புவது. இதற்குப் பன்னிரண்டு இரவாவது ஒதுக்குங்கள். ஒரு வாரம்தான் விடுமுறை என்றால் வண்டியைக் குயின்ஸ்டவுனிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறுங்கள். ஒருவழி வாடகைக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். ஆனால் கடைசி 480 கிலோமீட்டர் மிச்சம்.

எந்த மாதம்

அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் அவர்களுக்கே பள்ளி விடுமுறை என்பதால் வாடகை உச்சத்தில் இருக்கும், தங்கும் இடங்களும் நிரம்பிவிடும். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை. கூட்டம் குறைந்திருக்கும், பகலும் போதுமான நீளம். ஏப்ரலில் போனால் வனாகாவிலும் ஆரோடவுனிலும் மரமெல்லாம் மஞ்சளாகியிருக்கும்.

டெகாப்போ ஏரிக்கரையில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பூத்துக் கிடக்கும் லூபின் படங்களைப் பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்றால் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பருக்குள் போக வேண்டும். நமக்குத்தான் அது பூ. அங்குள்ள இயற்கை ஆர்வலர்களுக்கு ஆற்றுப்படுகையை அடைக்கும் களை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பனி, சக்கரத்துக்குச் சங்கிலி, ஐந்து மணிக்கே இருட்டு. பனியில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் அப்போது வேன் எடுக்க வேண்டாம்.

காகித வேலை

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். மலேசியா, சிங்கப்பூர் குடிமக்களுக்கு மின்னணுப் பயண அனுமதி போதும். சுற்றுலா வரியாக 100 நியூசிலாந்து டாலர் தனியாக உண்டு. உங்கள் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் அப்படியே ஓட்டலாம். இல்லையென்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்போ கையில் இருக்க வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் வேன்களுக்குச் சாதாரண கார் உரிமமே போதும். அங்கேயும் சாலையின் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பது நமக்குப் பெரிய நிம்மதி.

விமான நிலையத்தில் ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். பெட்டியில் உள்ள எந்த உணவுப் பொருளையும் அறிவிப்புப் படிவத்தில் குறிப்பிட வேண்டும். பருப்புப்பொடி, ஊறுகாய், புளி, குழந்தைக்கு எடுத்து வந்த பிஸ்கட் எல்லாமே கணக்கு. சொல்லிவிட்டால் அதிகாரி பார்த்துத் தருவார், அல்லது எடுத்துக்கொள்வார். சொல்லாமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். கறிவேப்பிலை, பழம், தேன் இதெல்லாம் கொண்டுபோகவே வேண்டாம். ஷூவின் அடியில் மண் ஒட்டியிருந்தாலும் நிறுத்துவார்கள், ஊரிலேயே நன்றாகக் கழுவிக்கொண்டு கிளம்புங்கள்.

வண்டியைத் தேர்ந்தெடுப்பது

‘நான்கு பேர் படுக்கலாம்’ என்று விளம்பரத்தில் இருந்தால் நான்கு பேர் வசதியாக இருக்கலாம் என்று பொருளில்லை. இரண்டு பேருக்கு மூன்று பேர் வண்டி, இரண்டு பெரியவர்கள் இரண்டு குழந்தைகளுக்கு ஆறு பேர் வண்டி என்று ஒருபடி மேலே பாருங்கள். படுக்கை எத்தனை என்பதோடு சீட் பெல்ட் உள்ள இருக்கை எத்தனை, குழந்தை இருக்கையை எதில் பொருத்த முடியும் என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஓடும்போது பின்னால் படுத்துக்கொண்டு வரக் கூடாது.

அடுத்தது, முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பச்சை நிறச் சான்று அட்டை. வண்டிக்குள் நிரந்தரமாகப் பொருத்திய கழிப்பறை, நல்ல தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி எல்லாம் இருக்கின்றன, வெளியில் எதையும் கொட்டாமல் சில நாள் இருக்க முடியும் என்பதற்கான சான்று அது. 2023இல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். தூக்கி வைக்கும் சின்ன டாய்லெட் இருந்தால் போதும் என்ற காலம் போய்விட்டது. மலிவாகக் கிடைக்கிறதே என்று சான்று இல்லாத வண்டியை எடுத்தால் காசு கொடுத்துத் தங்கும் முகாம்களைத் தவிர வேறு வழி இருக்காது.

வாடகை ஒப்பந்தத்தில் மூன்று இடத்தைப் படித்தே ஆக வேண்டும். ஒன்று, விபத்து நடந்தால் உங்கள் கையிலிருந்து போகும் தொகை. சாதாரணக் காப்பீட்டில் இது பல ஆயிரம் டாலர். நாள் கட்டணம் கூடக் கொடுத்து அதைக் குறைக்கலாம், முதல்முறை என்றால் கொடுத்துவிடுங்கள். இரண்டு, எந்தக் காப்பீட்டிலும் அடங்காதவை. கூரை மரக்கிளையில் இடிப்பது, அடிப்பாகம் சேதமாவது, டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போடுவது, தடைசெய்த சாலையில் போவது. குயின்ஸ்டவுன் பக்கம் ஸ்கிப்பர்ஸ் கேன்யன் சாலை ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் தடைப் பட்டியலிலும் இருக்கும். மூன்றாவது, டீசல் சாலை வரி. அங்கே பெட்ரோலுக்கான வரி பம்பிலேயே சேர்ந்துவிடுகிறது, டீசலுக்கு ஓடிய தூரத்தை வைத்துத் தனியாக வசூலிக்கிறார்கள். 100 கிலோமீட்டருக்குச் சுமார் 8, 9 டாலர் என்ற கணக்கில் வண்டியைத் திருப்பும்போது பில்லில் வரும். டீசல் மலிவாக இருக்கிறதே என்று பம்பில் சந்தோஷப்படுகிறவர்கள் கடைசி நாளில் முகம் சுளிப்பது இதனால்தான்.

வண்டியைக் கையில் வாங்கும்போது சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடாதீர்கள். கேஸ் எங்கே திறப்பது, ஹீட்டர் எப்படி ஓடும், வெளிக் கரண்ட் கேபிள் எங்கே செருகுவது, கழிவுநீர் வால்வு எது என்று ஒவ்வொன்றாகச் செய்துகாட்டச் சொல்லி மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கூரையையும் நான்கு பக்கத்துக் கீறல்களையும் அதே வீடியோவில் பிடித்துவிடுங்கள்.

வழி

இரவு விமானத்தில் வந்து இறங்கி, அதே மதியம் மலைக்கு ஓட்டக் கூடாது. முதல் இரவு கிறைஸ்ட்சர்ச்சிலேயே ஹாலிடே பார்க் என்னும் கட்டண முகாம் ஒன்றில் தங்கி மளிகை வாங்குங்கள், தூங்குங்கள்.

மறுநாள் டெகாப்போ. 225 கிலோமீட்டர்தான், ஆனால் வேனுக்கு நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏரிக்கும் அடுத்து வரும் புகாகிக்கும் பாலில் நீலத்தைக் கலந்த மாதிரி ஒரு நிறம். பனியாறு பாறையை மாவாக அரைத்துக்கொண்டு வருகிறது, அந்த மாவு தண்ணீரில் படியாமல் மிதந்து வெயிலைச் சிதறடிக்கிறது. கரையில் 1935இல் கட்டிய கல் தேவாலயம் இருக்கிறது. பகலில் அதைச் சுற்றிக் கூட்டம்தான். டெகாப்போவுக்குப் போவது ராத்திரிக்காக. 2012 முதல் இந்த வட்டாரம் இருள் வானக் காப்பகம், தெருவிளக்குகூடக் கீழே பார்த்துத்தான் எரியும். நிலா இல்லாத நாளாக அமைந்தால் பால்வீதியும், மெகல்லன் மேகங்கள் என்ற அண்டை விண்மீன் மண்டலங்களும் வெறும் கண்ணுக்கே தெரியும். அமாவாசையை ஒட்டித் தேதி பாருங்கள். நம் வீட்டு நாள்காட்டியே இதற்குப் போதும்.

மவுண்ட் குக்குக்கு அங்கிருந்து 105 கிலோமீட்டர். புகாகி ஏரியைத் தொட்டுக்கொண்டே போகும் கடைசி 55 கிலோமீட்டர்தான் இந்த மொத்தப் பயணத்திலும் எனக்குப் பிடித்த சாலை. எதிரே 3,724 மீட்டர் உயர மவுண்ட் குக், மாவோரி மொழியில் அவ்ராகி, நேராக நிற்கும், மேகம் விட்டால். விடாவிட்டால் சாம்பல் நிறச் சுவர்தான். அதனால்தான் இங்கே இரண்டு இரவு. ஹூக்கர் பள்ளத்தாக்கு நடைபாதை போய்வர 10 கிலோமீட்டர், ஏறக்குறைய சமதளம், தொங்குபாலங்கள் வழியாகப் பனியாற்று ஏரி வரை போகும். பால வேலைக்காகப் பாதையைப் பாதியில் மூடுவதும் உண்டு, போகும் வாரத்தில் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தைப் பாருங்கள். அந்தத் துறையை அங்கே எல்லோரும் ‘டாக்’ என்பார்கள். நடக்க முடியாதவர்களுக்கு டாஸ்மன் பனியாறு பார்வையிடம் இருக்கிறது, படிக்கட்டு ஏறினால் இருபது நிமிடம். டீசலும் மளிகையும் கீழே ட்வைசல் என்ற ஊரிலேயே முடித்துவிட்டு மேலே போங்கள்.

அங்கிருந்து ஒமராமா, லிண்டிஸ் கணவாய் வழியாக வனாகா. கணவாயின் உச்சி 971 மீட்டர், இரண்டு பக்கமும் மரமே இல்லாமல் பொன்னிறப் புல் போர்த்திய மலைகள். வனாகாவிலும் இரண்டு இரவு. முதல் நாள் துணி துவைக்க, சும்மா ஏரிக்கரையில் உட்கார. அடுத்த நாள் காலில் தெம்பிருந்தால் ராய்ஸ் பீக், போய்வர 16 கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். ஆடுகள் குட்டி போடும் பருவம் என்பதால் அக்டோபர் 1 முதல் நவம்பர் 10 வரை அது மூடியிருக்கும்.

வனாகாவிலிருந்து குயின்ஸ்டவுன் பக்கம் போக கிரவுன் ரேஞ்ச் சாலை குறுக்குவழி. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும். நீளமான வேனோடு முதல் வாரத்திலேயே இதில் போக வேண்டியதில்லை. குரோம்வெல் வழியாகச் சுற்றினால் தூரம் கூடும், கை நடுங்காது. பிறகு வாகாடிப்பு ஏரியை ஒட்டிக் கீழே இறங்கி டே அனாவ். அங்கே மூன்று இரவாவது. காரணத்தைக் கீழே சொல்கிறேன். திரும்பும்போது குயின்ஸ்டவுனில் ஓரிரவு, அப்புறம் வழியில் ஓரிடத்தில் தங்கிக் கிறைஸ்ட்சர்ச்.

ராத்திரி எங்கே

மூன்று வகை. ஹாலிடே பார்க்கில் கரண்ட், வெந்நீர்க் குளியல், சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் உண்டு. கரண்ட் உள்ள இடத்துக்கு இருவருக்கு 50 டாலருக்கு மேல் ஆகும். டாக் முகாம்களில் கரண்ட் கிடையாது, ஒரு கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும்தான் இருக்கும், ஆனால் இடம் மலையின் மடியிலேயே இருக்கும். ஹூக்கர் நடைபாதை தொடங்கும் இடத்திலுள்ள ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமில் கதவைத் திறந்தால் பனிச்சிகரம். மூன்றாவது, காசில்லாமல் தங்குவது. உள்ளூர் நிர்வாகம் அனுமதித்த இடத்தில், பச்சை அட்டையுள்ள வண்டிக்கு மட்டும். குயின்ஸ்டவுன், வனாகா பக்கம் கட்டுப்பாடு அதிகம். விதி மீறினால் அபராதம் 400 டாலரில் தொடங்குகிறது. கேம்பர்மேட் என்ற செயலியில் எல்லா இடமும் இருக்கும், என்றாலும் நுழைவாயில் பலகை சொல்வதுதான் கடைசி வார்த்தை.

இரண்டு இரவு டாக் முகாம், மூன்றாவது இரவு கரண்ட் உள்ள ஹாலிடே பார்க் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி காலியாவதும் டாய்லெட் நிரம்புவதும் பேட்டரி இறங்குவதும் ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான் நடக்கும். வண்டியின் உள்பேட்டரி விளக்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும்தான், அதில் ரைஸ் குக்கர் ஓடாது. வெளிக் கரண்ட் செருகினால்தான் பிளக் பாயின்ட் வேலை செய்யும்.

டாய்லெட்டைப் பற்றி வெட்கப்படாமல் பேசிவிடலாம். வண்டியின் வெளிப்பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கும். திறந்து இழுத்தால் சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி வரும். அதைக் கழிவு கொட்டுவதற்கென்றே இருக்கும் டம்ப் ஸ்டேஷனுக்கு எடுத்துப்போய், மூக்குக் குழாயைத் திருப்பி, மூடியைக் கழற்றிக் கவிழ்க்க வேண்டும். கவிழ்க்கும்போது பின்புறம் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திக்கொண்டே ஊற்றினால் காற்று உள்ளே போய் ஒரே சீராகக் கொட்டும். அழுத்தாவிட்டால் குபுக் குபுக்கென்று தெறிக்கும், அப்புறம் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இரண்டு முறை அலசி, மருந்தும் கொஞ்சம் தண்ணீரும் ஊற்றித் திரும்பச் செருகிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. அங்கே அலசுவதற்கென்று இருக்கும் குழாயில் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள், அதற்குத் தனிக் குழாய் இருக்கும்.

சாலையில்

வேகவரம்பு 100 என்று பலகை இருக்கும். வேனில் 80, 85 போனால் போதும். பின்னால் வண்டிகள் சேர்ந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி விட்டுவிடுங்கள். உள்ளூர்க்காரர்களுக்குக் கேம்பர்வேன்மேல் இருக்கும் ஒரே கோபம் இதுதான். ஒருவழிப் பாலங்கள் நிறைய வரும். சிவப்பு வளையத்துக்குள் உங்கள் திசை அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் நீங்கள் நிற்க வேண்டும். நீலப் பலகையில் உங்கள் அம்பு பெரிதாக வெள்ளையில் இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு, என்றாலும் எதிரே ஒருவர் ஏறிவிட்டாரா என்று பார்த்துவிட்டுப் போங்கள். இருட்டிய பிறகு ஓட்ட வேண்டாம்.

காற்றைக் குறைத்து எடைபோடாதீர்கள். டெகாப்போ, புகாகி சமவெளியில் வடமேற்குக் காற்று அடிக்கும் நாளில் உயரமான வேன் தள்ளாடும். கதவைத் திறக்கும்போது கையால் பிடித்துக்கொண்டே திறங்கள், காற்று கதவைப் பிடுங்கி மடக்கிவிடும். அதற்குக் காப்பீடும் பெரும்பாலும் வராது.

சமையல்

கிறைஸ்ட்சர்ச்சில் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன. அரிசி, பருப்பு, சாம்பார்ப் பொடி, அப்பளம் எல்லாம் அங்கேயே கிடைக்கும், ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். வேனுக்குள் தாளிக்கும்போது ஜன்னலையும் கூரைத் திறப்பையும் திறந்துவிட்டுத்தான் கடுகைப் போட வேண்டும். இல்லையென்றால் மிளகாய் கருகும் முன்பே புகை அலாரம் கத்தி முகாமையே எழுப்பிவிடும். நீண்ட சமையலை ஹாலிடே பார்க் சமையலறையில் முடித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். டாக் முகாம் இரவுகளுக்கு ரவை உப்புமா, தயிர்சாதம், ஊறுகாய் என்று ஒரு பாத்திரச் சமையல்தான் நல்லது, கழுவும் தண்ணீரும் உங்கள் தொட்டியில்தானே சேருகிறது. கிளம்பும் முன் கேஸை மூடினீர்களா, அலமாரிகள் பூட்டியிருக்கின்றனவா என்று ஒருவர் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். முதல் வளைவிலேயே ஊறுகாய் பாட்டில் பறந்து வரும்.

மில்ஃபோர்ட்

மில்ஃபோர்ட் சவுண்ட் என்பது செங்குத்து மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த இடம், படகில்தான் சுற்றிப் பார்ப்பார்கள். இந்த ஒரு நாளுக்குத்தான் டே அனாவில் கூடுதல் இரவு வைக்கச் சொன்னேன். டாஸ்மன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேற்குப் பக்கம் முழுக்கக் கொட்டிவிடுகிறது. சின்னக்கல்லார் நனைந்துகொண்டே இருக்க, கோயம்புத்தூர் காய்கிற அதே கதை. டெகாப்போ காய்ந்து கிடக்கும், மில்ஃபோர்டிலோ வருடத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதனால் ஒரே ஒரு தேதியை நம்பிப் போகாதீர்கள். தேதி மாற்றக்கூடிய படகுச் சீட்டு வாங்குங்கள். லேசான மழை வந்தால் வருத்தப்பட வேண்டாம். வெயில் நாளில் நிரந்தரமாக விழும் பெரிய அருவிகள் இரண்டுதான், மழையன்று பாறைச்சுவர் முழுக்க நூற்றுக்கணக்கில் இறங்கும். பெருமழை என்றால் மட்டும் சாலையையே மூடிவிடுவார்கள்.

டே அனாவிலிருந்து 118 கிலோமீட்டர். டீசலை டே அனாவிலேயே நிரப்புங்கள். வழியில் பெரும்பாலும் மொபைல் சிக்னல் கிடையாது, வரைபடத்தையும் படகுச் சீட்டையும் முன்பே தரவிறக்கிக்கொள்ளுங்கள். குயின்ஸ்டவுனிலிருந்து வரும் பஸ்கள் எல்லாம் நடுப்பகலில் வந்து சேரும், எனவே காலை முதல் படகு, இல்லையென்றால் மாலை கடைசிப் படகு. காலைப் படகுக்கு நல்ல வழி, முந்தைய இரவை கேஸ்கேட் க்ரீக் டாக் முகாமில் கழிப்பது. பாதிக்கு மேல் தூரம் அங்கேயே முடிந்துவிடும். சாலையோரத்தில் வேறெங்கும் வண்டியை நிறுத்தித் தூங்க அனுமதியில்லை.

வழியில் மலையைக் குடைந்து போகும் ஹோமர் சுரங்கம் 1.2 கிலோமீட்டர். 1935இல் தொடங்கி 1954இல்தான் திறந்தார்கள். உள்ளே பாறை வெட்டிய மாதிரியே கரடுமுரடாக இருக்கும், மில்ஃபோர்ட் பக்கமாகச் சரிவும் அதிகம். கோடையில் சிக்னல் போட்டு ஒரு பக்கமாக விடுவார்கள். கியரைக் குறைத்து, விளக்கு போட்டு இறங்குங்கள். சிக்னலில் காத்திருக்கும்போது கியா என்ற பச்சைநிற மலைக்கிளி வந்து கண்ணாடித் துடைப்பானின் ரப்பரைப் பிய்க்கும். படம் எடுங்கள், தீனி போடாதீர்கள். கீழே இறங்கியதும் சாண்ட்ஃபிளை என்ற கடிப்பூச்சி கணுக்காலைத் தேடி வரும். முழுக்கால் சாக்ஸும் பூச்சித் தைலமும் இல்லாமல் வண்டியை விட்டு இறங்காதீர்கள்.

வண்டியைத் திருப்பும் நாள்

மாலை நாலு, நாலரைக்கே மூடிவிடும் டிப்போக்கள் உண்டு. அதனால் கடைசி இரவைக் கிறைஸ்ட்சர்ச் ஹாலிடே பார்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் டாய்லெட்டும் கழிவுநீர்த் தொட்டியும் காலி, டீசல் நிரப்பல், உள்ளே ஒரு கூட்டல், இவ்வளவு செய்தால் சுத்தம் செய்யும் கட்டணம் போடமாட்டார்கள். மிஞ்சிய அரிசி, எண்ணெய், மசாலாவைக் குப்பையில் போடாதீர்கள். ஹாலிடே பார்க் சமையலறையில் ‘இலவசம்’ என்று எழுதிய அலமாரி ஒன்று பெரும்பாலும் இருக்கும், அதில் வைத்துவிடலாம். முதல் நாள் மளிகைக்குக் கிளம்பும் முன்னாலும் அந்த அலமாரியை ஒரு பார்வை பாருங்கள். உப்பும் எண்ணெயும் வாங்க வேண்டிய அவசியமே வராது.